திலகா போட்டுக்கொண்ட ஊசி

கோல சிலாங்கூரில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் திலகா பதினான்கு வருஷமாகத் தாதி. சோற்றைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். வேலை முடிந்ததும் புக்கிட் பெலிம்பிங்கில் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண்சாலையில் எட்டு கிலோமீட்டர் ஓடுவாள். முப்பத்தெட்டு வயதில் தொடங்கிய பழக்கம். அது இல்லாவிட்டால் அன்றைக்கு யாரும் அவளிடம் பேச முடியாது.

போன வருஷம் சுங்கை பஞ்சாங்கில் வயலோரமாக ஓர் ஓட்டப்போட்டி வைத்தார்கள். பதினேழாவது கிலோமீட்டரில் திலகாவின் இடது பின்தொடையில் யாரோ கல்லால் அடித்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அடுத்த அடி எடுத்து வைக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தசை பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. பன்னிரண்டு வாரத்துக்கு ஓடக்கூடாது என்றார்கள்.

முதல் வாரத்தில் வீட்டுத் திரைச்சீலை எல்லாம் துவைத்தாள். இரண்டாவது வாரத்தில் நொண்டிக்கொண்டே அலமாரிகளை இடம் மாற்றினாள். மூன்றாவது வாரத்தில் புருஷன் லோகேஸ்வரன் மூச்சு விடுகிற சத்தம்கூட அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவன் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன், பொறுமைசாலி. "கால் ஆறுறதுக்குள்ள நாந்தான் வீட்ட விட்டு ஓடணும் போலிருக்கு" என்றான்.

கால் தேறுவதற்கான உடற்பயிற்சிக்காக அவள் புஞ்சாக் ஆலாமில் ஒரு ஜிம்முக்குப் போய்வந்தாள். அங்கே பயிற்சி கொடுக்கிற பவனேஷ்தான் அந்தப் பேச்சை எடுத்தான்.

"பெப்டைட்னு ஒண்ணு இருக்குக்கா. சின்ன புரதத் துண்டு. ஊசியா போட்டா கிழிஞ்ச தசை சீக்கிரம் ஒட்டிக்கும். எலிக்கெல்லாம் போட்டுப் பாத்துட்டாங்க."

"மனுஷனுக்கு?"

"நான் மனுஷன் இல்லையா லா?" என்று சிரித்து, ஊசி போட்டு ஆறிய தன் முழங்கையை மடக்கிக் காட்டினான்.

அவன் மூலமாக நான்கு சின்னப் புட்டிகள் வந்தன. அடியில் வெள்ளைத் தூள். 'ஆய்வுக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எங்கே செய்தார்கள் என்று ஒரு வரி இல்லை.

அன்று காலையில்தான் நல்லம்மாள் என்கிற நோயாளி, யாரோ கொடுத்த வேர்ப்பொடியைக் குடித்துவிட்டு வந்திருந்தார். "உள்ள என்ன இருக்குன்னு தெரியாம குடிக்கலாமா அம்மா?" என்று திலகா சத்தம் போட்டிருந்தாள். சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தூளைக் கரைத்து, இன்சுலின் ஊசியில் எடுத்துத் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டபோது அந்த வார்த்தை ஞாபகம் வரத்தான் செய்தது. முகம் சுட்டது. கை மட்டும் நிற்கவில்லை.

ஊசி போடத் தொடங்கிய பத்தாவது நாள் வலி பாதியாகக் குறைந்தது. அடிபட்டு ஐந்தாவது வாரம் முடிகிறபோது யாரிடமும் சொல்லாமல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓடினாள். திரும்பி வந்து லோகேஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை.

அவனுக்கு லோரியில் பழக்குலைகளுக்கு மேல் வலை இழுத்துக் கட்டிக் கட்டித் தோள்பட்டை போயிருந்தது. "அப்ப எனக்கும் ஒண்ணு போடேன்" என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

திலகா ஊசியில் மருந்தை எடுத்தாள். பஞ்சால் தோலைத் துடைத்தாள். பதினான்கு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது.

"வேற என்ன மருந்து எடுக்குறீங்க?"

"பிரஷர் மாத்திரை. உனக்குத் தெரியாதா?"

அதோடு இது சேருமா? யாரைக் கேட்பது? எந்தத் தாளைப் புரட்டிப் பார்ப்பது? ஊசி முனை தோலுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிட்டது.

"என்ன?"

"போட மாட்டேன்."

"ஏன்?"

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

லோகேஸ்வரன் சட்டையை மெதுவாக இறக்கினான். "எனக்குப் போட கை வரல. உனக்குப் போடறப்ப மட்டும் எப்படி வந்துச்சு?" கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை.

மறுநாள் மையத்து மருத்துவர் இந்திரகுமாரியிடம் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"எலியில நல்ல பலன் வந்ததா கட்டுரைகள் இருக்கு" என்றார் மருத்துவர். "மனுஷங்ககிட்ட இன்னும் சரியா சோதிக்கல. புட்டியில அதுதான் இருக்கான்னும் நமக்குத் தெரியாது."

"ஆனா வலி குறைஞ்சிச்சே டாக்டர்."

"அஞ்சு வாரத்துல தானாவே குறையும். ஊசியாலயா, நாள் ஆனதாலயான்னு என்னால சொல்ல முடியாது திலகா. உங்களாலயும் முடியாது."

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். வலி போயிருந்ததே தவிர, தசை முழுதாக ஒட்டியிருக்கவில்லை. வேகம் கூட்டி ஓடியிருந்தால் முழுக்க அறுந்திருக்கலாம். மிச்சமிருந்த புட்டிகளைத் திலகா மருத்துவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

பவனேஷிடமும் போய்ச் சொன்னாள். "உங்களுக்கு நல்லாத்தானே ஆச்சு?" என்றான்.

"ஆச்சு. எதனாலன்னு தெரியல. உனக்கும் தெரியாது, தம்பி."

அவன் எடைகளை அடுக்கத் திரும்பிவிட்டான். இரண்டு வாரம் கழித்து, என்னென்ன ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும் என்று கேட்டு அவளுக்குச் செய்தி அனுப்பினான்.

மீதி நாட்களைத் திலகா பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தாள். பதினான்காவது வாரம் ஓடத் தொடங்கினாள். இப்போது ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறாள். அவளுடைய ரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் உடம்பில் எங்கே சின்னதாக ஒரு குத்தல் எடுத்தாலும் வழியில் நின்றுவிடுகிறாள். வெறும் அசதியா, அந்தத் தூளா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஓட வருகிற பெண்கள், எப்படி இவ்வளவு நன்றாகத் தேறினாய் என்று கேட்டார்கள். குளியலறையிலிருந்து ஸ்கேன் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். கவனமாகத்தான் கேட்டார்கள். முடிந்ததும், முட்டிவலிக்காரி தங்கமணி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ஜிம்முப் பையன் நம்பர் இருக்கா?" என்றாள்.

திலகா கொடுக்கவில்லை. தங்கமணி வேறெங்கோ விசாரித்து வாங்கிக்கொண்டாள்.