வெளிச்சம் முடிச்சில் நின்ற துணி

கொரோனா அடங்கி எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிய வருடம். அந்த ஆடியில் காவிரி எங்கள் மோகனூர்ப் படித்துறையை மூடியிருந்தது. மல்லசமுத்திரத்திலிருந்து பாவாயி போன் செய்தாள். அவளும் புருஷன் செங்கோடனும் சேலத்து ஓவியப் பெண் கௌசல்யாவுக்காகப் பட்டோடு ஒளியிழை கலந்து நெய்தவர்கள். ஒளியிழை முடி போன்ற பிளாஸ்டிக். ஒரு முனையில் விளக்கு வைத்தால் நீளமெல்லாம் மினுங்கும்.

"அண்ணா, ஒரு இழை பாதிக்கு மேல எரிய மாட்டேங்குதுங்க. நாலு மணிக்குக் கண்காட்சிக்கு வண்டி வந்துரும்."

எனக்கு எழுத்துத் தெரியாது. இதைக்கூடப் போனில் பேசித்தான் எழுதவைத்தேன். ஆனால் நாற்பது வருடம் தறி தறியாகப் போய், பாவு என்னும் நெட்டிழைகளில் பழையதன் முனையோடு புதியதைப் பிணைத்துக் கொடுத்தவன். ஆறரைக்குப் புறப்பட்டேன். நாமக்கல்லுக்குப் பதினாறு ரூபாய், திருச்செங்கோட்டுக்கு முப்பது, அங்கிருந்து பன்னிரண்டு. மணி பத்து.

துணி சுவரில் தொங்கியது. நடுவே ஒரு கோடு மட்டும் இடுப்பளவில் நின்று, மேலே கறுத்திருந்தது.

"இழையே மோசம். இப்படியே அனுப்ப முடியாது, இரண்டு மாத வேலை போச்சு" என்றாள் கௌசல்யா.

"அறுந்துச்சா மச்சான்?" என்றேன்.

"என்ற தறியில அறுந்ததே இல்ல" என்றான் செங்கோடன், என் முகத்தைப் பாராமல்.

கண்ணை மூடி விரலை ஓட்டினேன். வெளிச்சம் நின்ற இடத்தில் கடுகளவு முடிச்சு. பட்டு அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்வோம். ஆனால் ஒளி முடிச்சைத் தாண்டாது.

நான் வாய் திறக்குமுன் செங்கோடனே கௌசல்யாவிடம் சொன்னான்: "கை தானாப் போட்ருச்சு, சாமி. சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"தாலியில ஒத்த முடிச்சப் போட்டுட்டு மீதிய உங்க அக்காகிட்ட உட்டீங்க. இங்க மட்டும் ஏனுங்க அவசரம்?" என்றாள் பாவாயி. கௌசல்யாவும் சிரித்துவிட்டாள்.

முடிச்சை வெட்டி, முனைகளைப் பசையால் ஒட்டினேன். அந்த இழையின் கீழ் முனையில் புது இழையை ஒட்டி, பசை காய இரண்டு மணி நேரம் விட்டு, மேலிருந்து இழுத்தேன். இம்மி இம்மியாக மூன்று மணி நேரம். பழையது வெளியே வர, புதியது அதன் தடத்திலேயே ஏறியது. செங்கோடன் விளக்கைப் போட்டான். கோடு உச்சிவரை எரிந்தது. மூன்றே முக்கால்.

துணி இப்போது சேலத்தில் கௌசல்யாவின் ஓவியக் கூடத்தில் இருக்கிறது, பார்க்கக் கட்டணமில்லை. உச்சி வெயிலில் போகாதீர்கள், மினுக்கம் தெரியாது. மாற்றிய கோடு எதுவென்று எனக்கே இப்போது பிடிபடவில்லை. செங்கோடன் போன தையில் இறந்துவிட்டான். கேட்டால் அந்தக் கோட்டை விரல் வைத்துக் காட்ட, அந்தத் தறியில் உட்கார்ந்து நெய்தவர்களில் இருப்பது ஒருத்தி, பாவாயி.