படத்துக்குக் கீழே நாலு வரி

படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையைச் சாய்த்து வெட்டும் கத்தியின் 'சர்ர்' என்ற நீண்ட ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது. பழைய படம் விற்கும் தொழிலில், செத்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு நன்றி சொல்லிப் பொதி கட்டிக் கொடுக்க வேண்டும். கடையில் நின்று பிழைத்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

மூன்று தூதர்கள்

இருநூற்றுச் சொச்சம் வருஷங்களுக்கு முன் மூன்று செரோக்கிப் பழங்குடித் தலைவர்கள் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து அரசனைக் காண லண்டன் வந்தார்கள். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் கப்பலிலேயே இறந்துபோனார். அவர்கள் பேசியது யாருக்கும் விளங்கவில்லை. ஊர் வேடிக்கை பார்த்தது; கேலிப்படம் அச்சிட்டு, அடியில் கேலிப் பாட்டும் போட்டது.

எண்பதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த லண்டன் கடையில் அந்தப் படம் நன்றாக விற்றது. ஒரு கனவான் பாட்டை உரக்கப் பாடியே காட்டினார். சந்தம் அழகாக இருந்தது; அதுதான் வேதனை. "குளியலறையில் மாட்டப்போகிறேன், விருந்தாளிகளுக்குப் பொழுதுபோகும்," என்றார்.

வெட்டு

படங்களுக்குச் சட்டம் போடுகிற அருளப்பு மன்னார்க்காரர். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார். அந்தப் படத்துக்கு மட்டும், பாட்டு வரிகள் மறையும்படி அட்டையை வெட்டுவார். முதலாளியம்மா கண்டுபிடித்து, இன்னொரு தடவை மறைத்தால் வேலை இல்லை என்றார்.

"உமக்கு இங்கிலிஷ் வாசிக்க ஏலாது. பிறகேன் மறைச்சனீர்?" என்று கேட்டேன்.

"வாசிக்கத் தேவையில்லை அக்கா. அந்த ஆக்களின்ர முகத்தைப் பாத்தாலே, கீழ என்ன எழுதியிருப்பினம் எண்டு தெரியும்."

விசாரணை

அவருடைய நேர்காணலன்று நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். திரும்பி வந்தவர் கோட்டைக்கூடப் போடாமல் கையில் பிடித்தபடி நின்றார். பஸ் தரிப்பில்தான் சொன்னார்:

"அண்ணன்ர சாவை விபரமாச் சொன்னன். மொழிபெயர்க்க வந்தவர் ரெண்டு வரியில முடிச்சுப்போட்டார். அதிகாரி சிரிச்சார், அக்கா. ஏனெண்டு கேக்க ஏலாமப் போச்சு."

கடைசிச் சட்டம்

விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். கடைசி நாளில் அருளப்பு ஒரு தூதர் படத்துக்குச் சட்டம் போட்டார், பாட்டை மறைத்தே. போகிற வேலைக்கு இனி என்ன பயம்? அதை வாங்க வந்த பெண், கீழே ஏதும் எழுதியிருக்கிறதா என்று விசாரித்தாள். இல்லை என்றேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பாவம், ஏன் இவ்வளவு சோகமாக நிற்கிறார்கள்?"

அந்த மூவரையும் அரசன் ஒரு தடவையாவது நேரில் பார்த்தான். அருளப்பைக் கொழும்பு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.