கரும்பு வரைந்த பொங்கல்

"உங்க மலையில பொங்கலெல்லாம் கொண்டாடுவாங்களா?"

பொங்கலுக்கு ஒளிபரப்பும் கார்ட்டூன் படத்துக்காக என்னிடம் படக்கதை கேட்ட டிவி அதிகாரி இப்படித்தான் ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். ரோஷம் வந்துவிட்டது. எங்களிடமும் எல்லாம் உண்டு என்று காட்ட, மலைமேல் வளப்பூரில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் கரும்பும் பச்சரிசிப் பானையும் இருப்பதுபோல் படங்கள் வரைந்தேன்.

அதிகாரி முடிவு சொல்லும் நாளன்று, போன் சிக்னல் கிடைக்கும் செம்மேட்டுக்கு அம்மாவோடு போய் வீடியோ காலில் அவருக்குப் படங்களைக் காட்டினேன். அம்மா எட்டிப் பார்த்து, என் காதருகே கேட்டார்.

"ஏங்கண்ணு, இது யாரு ஊடு? நம்ம ஊட்ல சாமையிலதானே பொங்கல் வைப்போம்?"

அதிகாரிக்குக் கேட்டுவிடுமோ என்று சட்டென்று மைக்கை அணைத்தேன்.

"கொஞ்சம் சும்மா இரும்மா."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரையில் அதிகாரி ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க. ஆனா இது எல்லா ஊர்லயும் பார்க்கிற பொங்கல்தானே? இதுல உங்க மலை எங்கேம்மா? வேண்டாம், விட்டுடலாம்."

அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. அதிகாரி தேடியதை அம்மா என் பக்கத்திலிருந்தே சொன்னார். நான்தான் அம்மாவின் வாயை அடைத்தேன்.

நேற்று கரும்பை அழித்துவிட்டுச் சாமைப் பானையை வரைந்தேன். அம்மா கேட்ட அந்தக் கேள்வியையே முதல் வசனமாக அவர் குரலில் பதிவு செய்து, அதே அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன்.