மூட்டையை யாரும் இறக்கவில்லை

எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது மிளகால்தான். தொண்ணூற்றெட்டு வாக்கில் மிளகு விலை ஏறியது ஏறியதுதான். அதுவரை குச்சிக்கிழங்கு விற்ற காசில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டிருந்த கொல்லிமலைக்காரர்களில் சிலர் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். அப்பா பெட்டி வாங்கினார். எங்கள் ஊரில் அதுதான் முதல் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்குள் கால் வைக்க இடமிருக்காது.

அந்த நேரத்தில் ஒரு வெளிநாட்டுத் தொடர் வரும். ரொம்பப் பழைய தொடர், தமிழில் பேச வைத்திருந்தார்கள். வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும். வானத்தில் கப்பல் விட்டுக்கொண்டு கிரகம் கிரகமாகச் சுற்றுகிறவர்களின் கதை. எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து மிரளவே இல்லை. அந்தக் கப்பல் கிளம்பும்போது போடும் சத்தம், எங்கள் மலைக்கு வரும் பஸ் கொண்டை ஊசி வளைவில் போடும் சத்தத்துக்குக் கிட்டகூட வராது.

பெட்டியை வாங்கித் தந்த மிளகுதான் வீட்டில் சண்டையையும் கொண்டுவந்தது. எங்கள் காட்டுக்கும் மாமா காட்டுக்கும் நடுவில் ஒரு வரிசை சில்வர் ஓக் மரங்கள் இருந்தன. மாமா என்றால் அப்பாவின் தங்கை வீட்டுக்காரர். மரங்கள் எங்கள் பக்கம். அவற்றில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளின் வேர் மாமா பக்கம். இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நின்றபடி கைக்கு எட்டுவது வேருக்காரனுக்கு, ஏணி போட்டுப் பறிப்பது மரத்துக்காரனுக்கு. மிளகு மலிவாக இருந்தவரை இதை மீற யாருக்கும் தோன்றவில்லை.

விலை ஏறியதும் அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை என்று நாசூக்காக எதற்குச் சொல்ல வேண்டும், பேராசை. "மரம் என்னுது. மரத்து மேல இருக்கறதெல்லாம் என்னுது" என்று அடியிலிருந்து நுனிவரை உருவிவிட்டார். ஒரு பழம் சிவக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. பச்சையில் பறித்த மிளகு காயப்போட்டதும் பாதி பொக்காகப் போயிற்று.

மாமா சும்மா இருப்பாரா? ஒரு நாள் வந்து இரண்டு மரங்களின் அடியில் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டுப் போனார். பட்டை போன மரம் நின்றபடியே சாகும். மரம் செத்தால் அதில் ஏறிய தன் கொடியும் போய்விடும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தனக்கு ஒரு கண் போனாலும் எதிரிக்கு இரண்டு கண்ணும் போக வேண்டும் என்கிற ரகம் அவர்.

இவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் என் அக்கா. மாமாவின் மகனுக்கும் அவளுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. மிளகு பறிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அவள் மனசு முழுக்க அவன்தான் இருந்தான். அவனைத் தவிர வேறொருவனை அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை என்பது அவளோடு ஒரே பாயில் படுத்த எனக்குத் தெரியும். "வேர உட்டுக் குடுத்தாத்தான் பொண்ணு" என்றார் அப்பா. "மிளகக் குடுத்தாத்தான் கண்ணாலம்" என்று சொல்லியனுப்பினார் மாமா. அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை என்று மாமா சபதம் போட்டிருந்தார். ஆனால் தொடரை விட மனசு வருமா? ஞாயிற்றுக்கிழமையானால் வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். உள்ளே அப்பா, வெளியே மாமா. இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். கதை மட்டும் ஒரே கதை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த கதை இது. கப்பல் ஒரு கிரகத்தில் இறங்குகிறது. அங்கே கையால் அள்ளலாம் போல மின்னும் கற்கள். கப்பல் தலைவன் பேராசை பிடித்து மூட்டை மூட்டையாக ஏற்றுகிறான். அவன் ஆட்களில் ஒருவனுக்கு அவன் மேல் பழைய வஞ்சம் உண்டு. முன்பொரு கிரகத்தில் அவன் தம்பியைத் தலைவன் அநாதையாக விட்டுவிட்டு வந்திருந்தான். இந்த ஆள் பழி வாங்கப் பாதி எரிபொருளைத் தரையில் திறந்துவிடுகிறான். இப்போது இத்தனை பாரத்தோடு கப்பல் எழும்பாது. எல்லோரும் சாக வேண்டியதுதான் என்றிருக்கும்போது, கப்பலின் டாக்டரம்மா யாரிடமும் சொல்லாமல் கதவைத் திறந்து இறங்கிவிடுகிறாள். கப்பல் எழும்பிப் போகிறது. அவள் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறாள்.

வீடே தேம்பியது. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார். ஜன்னலுக்கு வெளியே மாமா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "தெய்வம் அவ" என்றார் அப்பா.

கதவோரம் என்னோடு உட்கார்ந்திருந்த அக்கா கேட்டாள். "ஏனுங்கப்பா, அவ எதுக்கு எறங்கோணும்? அந்தக் கல்லு மூட்டைய எறக்கிப் போட்டா ஆகாதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். "மூட்டைய எறக்கிட்டா அப்பறம் அத்தன தூரம் எதுக்குக் கண்ணு போனாங்க?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அவர்கள் சிரித்ததில் ஆச்சரியமில்லை. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மேலே வரும் லோடு லாரியில் நாங்களும் ஏறிக்கொள்வோம். வளைவில் லாரி இழுக்காமல் முக்கினால் டிரைவர் "எறங்கு, எறங்கு" என்பார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொம்பளைகள் இறங்கி நடந்து, அடுத்த வளைவில் ஏறிக்கொள்வார்கள். சிமெண்ட் மூட்டைகள் சொகுசாக மேலே போகும். ஆள்தான் இறங்க வேண்டும், மூட்டை இறங்காது என்பது எங்கள் மலையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அக்காவுக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பெட்டி முன்னால் இருந்தார்கள். தொடர் முடியும் நேரத்தில் அக்கா வெளியிலிருந்து வந்தாள். கையில் கொடுவாள். அதை நிலைப்படி ஓரம் சாத்திவைத்தாள்.

"மூட்டைய எறக்கிட்டனுங்கப்பா" என்றாள். "வரப்போரம் ஒரு கொடி இல்ல. இனி அடிச்சுக்க ஒண்ணுமில்லீங்க. கண்ணாலத்தப் பேசுங்க."

அப்பாவும் மாமாவும் வரப்புக்கு ஓடினார்கள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். கொடிகள் எல்லாம் முழங்கால் உயரத்தில் வெட்டுப்பட்டிருந்தன. மேலே இலைகள் இன்னும் வாடாமல் பச்சையாகவே இருந்தன. அத்தனை மாதத்துக்குப் பிறகு இருவரும் அன்றுதான் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.  அக்கா ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

மாமா அவளைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "காய்ச்ச கொடிய வெட்டுன கை. இந்தக் கை எங்கூட்டுல வெளக்கேத்தக் கூடாதுங்க, மச்சான்."

அப்பா அந்த வெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க சொல்றதும் செரிதானுங்க, மாப்ள" என்றார்.

சண்டைக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் வார்த்தை அதுதான். மாமாவின் மகனும் அங்கே இருந்தான். அக்கா அவனைப் பார்த்தாள். அவன் மண்ணைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் எல்லாவற்றையும் தாங்கியிருப்பாள். அந்தக் கோழையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு வீட்டில் அப்பா அவளோடு பேசவில்லை. அம்மா அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொள்வதோடு சரி. யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அடுத்த அறுவடைக்கு முன்னால் மாமா மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். அந்த வாரமே அக்கா துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு, நாமக்கல் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட நான் மட்டும்தான் போனேன். "நல்லாப் படி" என்றாள்.  பஸ் வளைவில் திரும்பி மறைந்ததும் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பெரிய பெண் எங்கே என்று விசாரிக்கிறவர்களிடம் அப்பா, "அவளாத்தானுங்க போனா" என்பார். மாமா பக்கத்தில் இருந்தால் அவரும் ஆமாம் போடுவார். இருவரும் அந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள். சபதமெல்லாம் காற்றோடு போயிற்று. மாமா இப்போது ஜன்னலுக்கு வெளியே நிற்பதில்லை, அப்பாவோடு ஒரே பாயில் உட்கார்ந்துதான் தொடர் பார்ப்பார்.

இரண்டு வருஷம் கழித்து அந்தத் தொடரை மறுபடியும் போட்டார்கள். அந்தக் கதையும் வந்தது. டாக்டரம்மா கதவைத் திறந்து இறங்கினாள். கப்பல் எழும்பிற்று. அப்பாவின் கை துண்டைத் தேடியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஏனுங்கப்பா, அந்தப் பொம்பளய எறக்கி உட்டது யாருங்க?"

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் கன்னமெல்லாம் ஈரம்.

"யாரு எறக்குனாங்க, கண்ணு? அவளாத்தான எறங்குனா."

மாமா ஆமாம் என்று தலையாட்டினார்.