கழுவிய பஞ்சு

முதல் குழந்தை வயிற்றிலேயே போன பிறகு, என் மனைவி யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஓசூரில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த பாயிடம் அவளுக்காக ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன்.

"ஒரு மாசம் மீனு விடாம மோட்டார் மட்டும் ஓடட்டும். தெனம் ஒரு சிட்டிக தீனி போடுங்க. ஃபில்டர் பஞ்சுல படியற அழுக்குல வளர்ற நல்ல கிருமிதான் தண்ணியச் சுத்தம் பண்ணும். கழுவிடாதீங்க சார்," என்றார் பாய்.

வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த அவள், ஒருநாள், "இன்னும் எத்தன நாளுங்க?" என்று கேட்டாள். எனக்கு உயிர் வந்தது போலிருந்தது.

மீன் வாங்கும் நாளன்று காலையில் பஞ்சு கறுத்து வழவழவென்று இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் மெஷினைத் துடைத்தே பழகிய கை சும்மா இருக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் குழாயடியில் வெளுக்கும்வரை கசக்கினேன்.

அன்று மாலை நான்கு மீன்கள் வாங்கி விட்டோம். மூன்றாம் நாள் நான்கும் செத்து மிதந்தன. இருவரும் கடைக்குப் போனோம்.

"பஞ்சக் கழுவுனீங்களா சார்?"

அவள் பக்கத்தில் நின்றாள். "இல்ல பாய்," என்றேன்.

திரும்பி வரும்போது அவள் சொன்னாள்: "என் கைராசிதாங்க. நான் ஆசப்பட்டது எது தங்குச்சு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு மகள் பிறந்தாள். குழந்தையைத் தூக்கப் போகும்போதெல்லாம் என் மனைவியின் கை ஒரு கணம் தயங்கி நிற்கும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.