பதவியேற்பு லட்டு

லுணுகலை பஸ்ஸில் என் பக்கத்தில் அமர்ந்த அம்மா, தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரல்களால் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார். மலையகத்துப் பெண்ணொருவர் முதன்முதலாக, நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றத்தில் நீதியரசராகிறார் என்று பதுளை பஸ் நிலையத்தில் லட்டு கொடுத்திருந்தார்கள்.

“அவங்கள எப்படிங்கய்யா போட்டாங்க?”

ஓய்வுபெற்ற நீதிமன்றப் பதிவாளரான என்னிடம் கேட்கலாமா? ஜனாதிபதி பெயர் சொல்வார், அரசியலமைப்புப் பேரவை தலையாட்டும், பிறகு சத்தியப்பிரமாணம் என்று பாடமே நடத்தினேன்.

“ஆயுள் தண்டனைல இருக்கிற எம்மகனோட அப்பீல, இதுக்குக் கீழ கோர்ட்டுல இருந்தப்ப அவங்கதாங்க கேட்டு முடிச்சாங்க. தீர்ப்புத்தான் பாக்கி. இனி?”

“வேற நீதிபதி மொதல்லருந்து கேக்க வேண்டிவரலாம்மா.”

விரல்கள் நின்றன.

“நாளைக்கு அவனப் பாக்கப் போறேங்க. நம்ம மலையகத்துப் புள்ள பெரிய கோர்ட்டுக்குப் போயிருச்சுன்னு சொன்னா சந்தோசப்படுவான்.” லட்டை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மற்றதை அவனிடம் எப்படிச் சொன்னாரோ. அதற்கான நடைமுறை எனக்குத் தெரியாது.