கன்னி மூலையில் மூன்று கதவு பீரோ

தொழிற்சாலையில் என் வேலை, புதிதாக வந்து இறங்கும் எந்திரங்களைத் தரையில் நேராக நிறுத்துவது. ரசமட்டத்தை மேலே வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை காலடித் திருகுகளை ஏற்றி இறக்குவேன். லாரியை விடக் கனமான எந்திரங்களெல்லாம் என் பேச்சைக் கேட்டு நின்றிருக்கின்றன. அந்தத் திமிரில்தான் மூன்று கதவு வைத்த பெரிய மர பீரோ ஒன்றை ஓசூரில் நான் இருக்கும் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினேன்.

கல்யாணம் ஆனதிலிருந்து என் மனைவி ஊத்தங்கரையில் அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவு கிடைத்தால் வருவாள். வந்தால் அவள் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும். வேண்டியதை இழுத்து எடுப்பாள், திரும்ப உள்ளே தள்ளுவாள்.

"துணி வைக்க ஒரு எடம் இல்லாத வூட்ல நான் என்னான்னுங்க வந்து இருக்கறது?" என்று ஒருநாள் கேட்டாள்.

அடுத்த வருஷமும் வேலைக்கு வருகிறாளா என்று பள்ளிக்கூடத்தில் அப்போது கேட்டுக்கொண்டிருந்தார்கள். பீரோ வாங்கிவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாயா என்றேன். "பாக்கலாம்" என்றாள். பாக்கலாம் என்று யார் சொன்னாலும் சரி என்று எடுத்துக்கொள்ளும் புத்திசாலி நான். வாங்கிவிட்டேன்.

பீரோ வந்த சேதி தெரிந்ததும் மாமியார் போனில் கூப்பிட்டார். "கன்னி மூலையில வெச்சிருங்க மாப்ள. வடக்கு பாத்து தொறக்கணும். எடம் மாறிச்சுன்னா பொம்பள அந்த வூட்ல தங்கமாட்டா." மனைவி தங்குவதற்காகத்தான் பீரோவே. இதில் நான் என்ன எதிர்ப்பேச்சுப் பேசுவது?

பிரச்சினை என்னவென்றால், எங்கள் வீடு முன்பு பட்டறையாக இருந்தது. எந்திரங்களைத் தூக்கிய பிறகு ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, அறை அறையாகத் தடுத்து ஓனர் வாடகைக்கு விட்டார். தரையை மட்டும் தொடவில்லை. எண்ணெயும் தண்ணீரும் வழிந்து ஓடுவதற்காக ஒரு மூலைக்குச் சரித்துப் போட்ட தரை அது. அந்த மூலைதான் எங்கள் கன்னி மூலை. வீட்டில் வெங்காயம், பேட்டரி, பேனா எது காணாமல் போனாலும் நான் தேடுவதில்லை. நேராக அங்கே போய் எடுத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி பெட்டியோடு வந்து சேர்ந்தாள். ஞாயிறு காலை பக்கத்து வீட்டு நண்பனை உதவிக்குக் கூப்பிட்டேன். தளி ஊர்க்காரன், வீட்டில் கன்னடம் பேசுகிறவன், யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான். பீரோவைச் சுற்றி வந்து பார்த்தான்.

"குரு, இது பீரோவா, உள்வாடகைக்கு விடப்போறியா?"

"தூக்குடா முதல்ல."

மூலையில் நிறுத்தினோம். உடனே ஒரு கதவு தானாகத் திறந்துகொண்டது. நடுக்கதவு மூடவே மறுத்தது. மூன்றாவது மற்ற இரண்டையும் விட ஒரு விரல்கடை மேலே ஏறி நின்றது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இது என் தொழில். பழைய இரும்புக் கடையில் பொறுக்கி வைத்திருந்த எந்திரக் கால்கள் நான்கை அடியில் கொடுத்து, சரிந்த பக்கத்தை ஏற்றினேன். குமிழி நகர்ந்து நகர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்தது. மூன்று கதவும் சத்தமில்லாமல் மூடின. மனைவியைக் கூப்பிட்டேன். வாசற்படியில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"சாஞ்சிருக்குதுங்களே."

"நேரா இருக்கு. குமிழியப் பாரு."

"நான் குமிழியிலயா துணி வைக்கப் போறேன்? மேல வுழற மாதிரி இருக்குது."

திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னது பொய்யில்லை. சுவர், ஜன்னல், நிலை எல்லாம் தரையோடு சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அவ்வளவு நாள் அது என் கண்ணில் படவில்லை. அவற்றுக்கு நடுவே பீரோ மட்டும் நேராக நின்றதால் குடித்துவிட்டு நிற்பது போலத் தெரிந்தது.

"அண்ணி சொல்றது கரெக்ட் குரு," என்றான் தளிக்காரன். "நீ நேரா வெச்சதுதான் தப்பு. வீட்டோட சேத்து சாய்ச்சிடு."

"அப்ப கதவு?"

"கதவ யார் பாக்கறாங்க?"

சாய்த்தேன். பார்வைக்கு அழகாக இருந்தது. கதவு திறந்துகொண்டது. மறுபடி ஏற்றினேன். கதவு மூடியது, மனைவி இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். சுவரோடு சேர்த்து ஒரு பட்டை அடித்துவிட்டால் விழாது என்று துளைபோடும் மிஷினை எடுத்து ஓட்டினேன். சத்தத்துக்கு ஓனர் ஓடி வந்தார். "ஓட்டை போடாதீங்க சார். செவுரே கூட வந்துடும்." தான் கட்டிய சுவரைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசிய ஓனரை நான் பார்த்ததில்லை.

கடைசியில் இரண்டுக்கும் பொதுவாகப் பாதி ஏற்றி, பாதி இறக்கினேன். இப்போது கண்ணுக்கும் கோணல், குமிழிக்கும் கோணல். கதவு பாதி திறந்து நின்றது. நண்பன், சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவன் வரவில்லை.

"போதும் வுடுங்க," என்றாள் மனைவி. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி பக்கத்தில் இருந்தது. திறக்கவே இல்லை.

"துணிய அடுக்கலயா?"

"நாளைக்கு ஸ்கூல் இருக்குதுங்களே. எதுக்கு எடுத்து வெச்சி, திரும்ப எடுக்கறது?"

சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். ஊத்தங்கரை பக்கம் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கீழே நின்று கேட்டேன்.

"ஸ்கூல்ல என்ன சொல்லப்போற?"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேங்க. அடுத்த வருசமும் வர்றேன்னு."

எந்திரக் கால்களின் கிரீஸ் இன்னும் என் நகக்கண்ணில் இருந்தது. "அப்ப காலையிலேயே சொல்லியிருக்கலாமே. நாள் பூரா அதுக்கு அடியிலதான கெடந்தேன்."

"நீங்க அவ்ளோ ஆசையா லெவல் பாத்துக்கினு இருந்தீங்க. எப்பிடிங்க சொல்றது?"

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார்.

"நாளைக்கு எந்த ஷிஃப்ட்டு?" என்று கேட்டாள்.

"ஃபர்ஸ்ட்."

"அப்ப நேரத்துல தூங்குங்க. கொழம்பு இருக்குது. தயிருதான் இல்ல, போறப்ப வாங்கிக்கினு போங்க."

பஸ் போனது. தயிர் வாங்கினேன்.